ஹாப்ஸ் இரகங்களை ஒப்பிடும் முறை

களப்பணியாளரை நோக்கி உழவர் கேட்கும் வினாக்களுள் முதன்மையானது, "இவற்றுள் எது நல்ல இரகம்?" என்பதாகும். நெல், கோதுமை முதலிய ஓராண்டுப் பயிர்களில் இவ்வினாவிற்குத் தவறான விடை கூறப்பட்டால் அதனால் விளையும் இழப்பு ஒரு பருவத்தோடு முடியும். மறு ஆண்டு வேறு விதை விதைக்கலாம். ஹாப்ஸ் பயிரின் நிலை அவ்வாறன்று. ஒரு முறை நட்ட கொடி பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் அதே இடத்தில் நின்று பயன் தருவது. அதனைப் படரவிடுவதற்கு 5 முதல் 7 மீட்டர் உயரமுள்ள கம்பங்களை நட்டுக் கம்பி இழுக்க வேண்டும். முழு விளைச்சல் மூன்றாம் ஆண்டு முதலே கிட்டும். ஆகவே, இரகத் தேர்வில் நேரும் பிழையை உழவர் பல்லாண்டுகள் சுமக்க நேரிடுகிறது.

ஹாப்ஸ் இரகங்களை எவ்வெவ்வகையில் ஒப்பிடுதல் வேண்டும், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பயிர் நூலும் இரசாயனமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது ஒரு நல்ல பாடமாக அமையும். ஏனெனில் ஒப்பிடுதல் என்னும் செயலில் நேரக்கூடிய பிழைகள் பலவற்றை இந்த ஒரு பயிரிலேயே காணலாம்.

கொடியும் கூம்பும்

ஹாப்ஸ் என்பதற்குத் தமிழில் வழக்குப் பெயர் இல்லை. நம் நாட்டுச் சமவெளிகளில் அது விளையாமையே காரணம். எனவே இங்கு ஒலிபெயர்ப்பே கையாளப்படுகிறது. தாவர நூலார் இதனை ஹ்யூமுலஸ் லூப்புலஸ் என்பர். கஞ்சாச் செடி அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இதன் குணமும் பயனும் வேறு. குளிர்காலத்தில் தண்டு முழுவதும் பட்டுப்போய்விடும். நிலத்தடியிலுள்ள வேர்ப்பகுதி உயிருடனிருந்து இளவேனிலில் மீண்டும் தளிர்விடும். பனையைப் போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பயன்படுவது பெண் கொடியின் பூங்கொத்து. காகிதம் போன்ற மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கூம்பு வடிவில் அது அமைந்திருக்கும். செதில்களின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறப் பொடி போன்ற நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. இதற்கு லூப்புலின் என்று பெயர். ஹாப்ஸின் மதிப்பு முழுவதும் ஏறத்தாழ இம்மஞ்சட் பொடியிலேயே அடங்கியிருக்கிறது.

முளைகட்டிய வாற்கோதுமையைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தெடுத்த இனிப்பு நீருடன் ஹாப்ஸைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் இட்டு நொதிக்கச் செய்து பீர் காய்ச்சப்படுகிறது. ஹாப்ஸ் பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவதுடன், அதனைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றின் வளர்ச்சியையும் தடுக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவிற்குப் பல மாதக் கப்பற்பயணத்தில் அனுப்பப்பட்ட பீரில் ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது இக்குணம் கருதியே.

ஒப்பீட்டிற்குரிய பொருள்கள்

லூப்புலினில் உள்ள பொருள்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆல்பா அமிலங்கள். ஹ்யூமுலோன், கோஹ்யூமுலோன், அட்ஹ்யூமுலோன் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை நீரில் எளிதிற் கரையா. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்கும்போது மூலக்கூறின் அமைப்பு மாறி ஐசோ ஆல்பா அமிலங்களாகின்றன. இவையே பீரில் கரைந்து கசப்பைத் தருகின்றன. இரண்டாவது, பீட்டா அமிலங்கள். இவை கொதித்தலால் இவ்வாறு மாறுவதில்லை. ஆதலின் கசப்பிற்கு இவற்றின் உதவி சிறிதே. மூன்றாவது, ஆவியாகும் எண்ணெய்கள். மிர்சீன், ஹ்யூமுலீன், கேரியோஃபிலீன், ஃபார்னசீன் முதலியன இவ்வகையின. மணம் இவற்றினின்றே பிறக்கிறது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். எனவே கசப்பை வேண்டுவோர் ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலும், மணத்தை வேண்டுவோர் அதன் இறுதியிலோ அதற்குப் பின்னரோ சேர்ப்பர்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. கசப்பிற்கென வாங்குவோர் ஆல்பா அமிலத்தையே விலைகொடுத்து வாங்குகின்றனர். மணத்திற்கென வாங்குவோர் எண்ணெயின் தன்மையை நாடுகின்றனர். வாங்குவோரின் தேவை இன்னதென அறியாமல் இரகத்தை நல்லது, தீயது எனல் பொருந்தாது.

சில முக்கிய இரகங்கள்

உலர்ந்த கூம்பின் எடையில் ஆல்பா அமிலம் வழக்கமாக எத்தனை சதவீதம் என்பதைக் கீழே காண்க. இடத்திற்கும் ஆண்டிற்கும் ஏற்ப இவ்வெண்கள் மாறுபடும்.

சாட்ஸ் (செக் நாடு) — 3 முதல் 5, மண இரகம்.
ஹாலர்தாவ் மிட்டல்ஃப்ரூ (ஜெர்மனி) — 3 முதல் 5½, மண இரகம்.
ஃபகிள் (இங்கிலாந்து) — 4 முதல் 5½, மண இரகம்.
கோல்டிங் (இங்கிலாந்து) — 4 முதல் 6, மண இரகம்.
கஸ்கேட் (அமெரிக்கா) — 4½ முதல் 7, மண இரகம்.
கிளஸ்டர் (அமெரிக்கா) — 5½ முதல் 8½. இரு பயனுக்கும் உரியது.
நார்தர்ன் புரூவர் (இங்கிலாந்து) — 7 முதல் 10. இரு பயனுக்கும் உரியது.
மாக்னம் (ஜெர்மனி) — 11 முதல் 16, கசப்பு இரகம்.

சாட்ஸ் இரகம் பொஹீமியாவிலுள்ள ஜாட்டெட்ஸ் நகரைச் சூழ்ந்த நிலங்களில் பன்னூற்றாண்டுகளாக விளைந்து வருவது. 1842இல் பில்சன் நகரில் முதன்முதல் காய்ச்சப்பட்ட வெளிர்நிற பீரின் மணம் இதனாலாயது. இதன் எண்ணெயில் ஃபார்னசீன் மிகுந்திருத்தல் தனி அடையாளம். இந்நகரும் இதன் ஹாப்ஸ் நிலங்களும் 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

கசப்பு மிகுந்த இரகங்களின் வரலாறு வேறு. இங்கிலாந்தில் வை கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் சால்மன், கனடாவிலுள்ள மானிட்டோபாவிலிருந்து வந்த காட்டு ஹாப்ஸ் கொடியின் விதைகளை விதைத்து நாற்றுகளை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றே 1934இல் வெளியிடப்பட்ட புரூவர்ஸ் கோல்ட் என்னும் இரகம். ஐரோப்பிய இரகங்களைவிட இதில் ஆல்பா அமிலம் கூடுதலாக இருந்தது. நார்தர்ன் புரூவரும், பின்னர் தோன்றிய கசப்பு இரகங்கள் பலவும் தம் மரபில் இக்காட்டுக் கொடியின் இரத்தத்தைப் பெற்றவையே. பயன் அற்றதென ஒதுக்கத்தக்க காட்டுச் செடியும் இனக்கலப்பில் எத்துணை மதிப்புடையதாகலாம் என்பதை ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டால் விளக்கலாம்.

கசப்பின் கணக்கு

100 லிட்டர் பீரில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் ஐசோ ஆல்பா அமிலம் வேண்டும் எனக் கொள்வோம். மொத்தத் தேவை 2.5 கிராம். கொதியில் இடும் ஆல்பா அமிலம் முழுவதும் பீரை அடைவதில்லை; ஒரு பகுதி மாறாமலும், ஒரு பகுதி கசடோடும் ஈஸ்ட்டோடும் நீங்கியும் போகிறது. 30 சதவீதம் பீரில் சேர்கிறது என்று கொண்டால், இடவேண்டிய ஆல்பா அமிலம் 8.33 கிராம் ஆகும். 4 சதவீத ஆல்பா அமிலமுள்ள சாட்ஸில் இதற்கு ஏறத்தாழ 208 கிராம் கூம்பு தேவை. 14 சதவீதமுள்ள மாக்னத்தில் 60 கிராம் போதும்.

இனி நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். சாட்ஸ் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் உலர்ந்த கூம்பு தரும். மாக்னம் சுமார் இரண்டு டன் தரும். 1,000 கிலோவில் 4 சதவீதம் 40 கிலோ; 2,000 கிலோவில் 14 சதவீதம் 280 கிலோ. அதாவது, அதே அளவு நிலத்தில் ஏழு மடங்கு ஆல்பா அமிலம் கிடைக்கிறது. கசப்பு ஒன்றே கருத்தாயின் சாட்ஸ் இரகத்தை எவரும் நடமாட்டார்கள். ஆயினும் செக் நாட்டில் அதுவே இன்றும் மிகுதியாகப் பயிரிடப்படுகிறது. அதன் மணத்தை நாடுவோர் எடைக்குக் கூடுதல் விலை தந்தும் வாங்குவதே காரணம். மாறாக, வாங்குவோர் இல்லாத இடத்தில் மண இரகத்தை நட்டவர் குறைந்த விளைச்சலையும் குறைந்த வருவாயையும் ஒருங்கே அடைவர்.

எண்களில் மறைந்துள்ள பிழைகள்

முதற்பிழை, ஈரப்பதத்தைக் கருதாமை. பறித்த பசுங்கூம்பில் முக்கால் பங்கிற்கு மேல் நீரே. அதனை உலர்த்தி, ஈரப்பதத்தை 8 முதல் 10 சதவீதத்திற்குக் கொணர்வர். எல்லா மாதிரிகளும் ஒரே அளவாக உலர்வதில்லை. ஒரு மாதிரியில் ஈரம் 8 சதவீதம், ஆல்பா அமிலம் 9.2 சதவீதம், மற்றொன்றில் ஈரம் 12 சதவீதம், ஆல்பா அமிலம் 9.0 சதவீதம் என்க. மேலோட்டமாக நோக்கின் முதலாவதே உயர்ந்தது. ஈரத்தை நீக்கி உலர்பொருளில் கணக்கிட்டால் முதலாவதில் 10.0, இரண்டாவதில் 10.2 சதவீதம் வரும். வரிசை மாறிவிடுகிறது. எனவே ஈரப்பதம் குறிக்கப்படாத பகுப்பாய்வு அறிக்கையை ஒப்பீட்டிற்கு ஏற்றல் கூடாது.

இரண்டாவது, கொடியின் வயதைக் கருதாமை. முதலாண்டுக் கொடியின் விளைச்சலை ஐந்தாமாண்டுக் கொடியின் விளைச்சலோடு ஒப்பிடுதல் தகாது.

மூன்றாவது, விதையுள்ள கூம்பையும் விதையற்ற கூம்பையும் ஒன்றாகக் கருதுதல். தோட்டத்தருகே ஆண் கொடி இருப்பின் மகரந்தம் பட்டுக் கூம்புகளில் விதை பிடிக்கும். விதையால் எடை கூடும். ஆனால் அக்கூடுதல் எடையில் கசப்போ மணமோ இல்லை. ஆகையால் எடை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். அமெரிக்காவில் 1976இல் வெளியிடப்பட்ட வில்லாமெட் போன்ற சில இரகங்கள், மூன்று தொகுதி நிறக்கோல்களை உடையவையாதலின் விதை மிகக் குறைவாகவே பிடிக்கும்.

நான்காவது, ஓராண்டு முடிவை நிலையான முடிவாகக் கொள்ளுதல். கோடையில் வெப்பமும் வறட்சியும் மிகுந்தால், சிறப்பாக மண இரகங்களில், ஆல்பா அமிலம் குறைகிறது. ஐரோப்பிய மண இரகங்களைப் பற்றி 2023இல் வெளியான ஓர் ஆய்வு, தட்பவெப்ப மாறுதலால் 2050ஆம் ஆண்டிற்குள் விளைச்சல் 4 முதல் 18 சதவீதமும், ஆல்பா அமிலம் 20 முதல் 31 சதவீதமும் குறையலாம் என மதிப்பிட்டது. இன்று நடும் கொடி அக்காலத்திலும் நிற்கக்கூடுமாதலின் இதனைப் பொருட்படுத்தல் வேண்டும்.

ஐந்தாவது, சேமிப்பில் நேரும் இழப்பை மறத்தல். காற்றும் வெப்பமும் பட்டால் ஆல்பா அமிலம் சிதைகிறது. இச்சிதைவு எல்லா இரகங்களிலும் ஒரே விரைவில் நிகழ்வதில்லை. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஆறு மாதம் வைத்திருந்தால் கஸ்கேட் இரகத்தில் ஏறத்தாழப் பாதி ஆல்பா அமிலமே எஞ்சும். கிளஸ்டரில் 80 சதவீதத்திற்கு மேல் எஞ்சும். குளிர்பதனமும் காற்றுப் புகாத பொதியலும் உள்ள இடத்தில் இவ்வேறுபாடு சிறிதாகும். அவை இல்லாத இடத்தில் பெரிதாகும்.

நோய் எதிர்ப்பு

அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், வெர்ட்டிசிலியம் வாடல் நோய் ஆகிய மூன்றும் ஹாப்ஸிற்குப் பெரும்பகைகள். அடிச்சாம்பல் நோயால் 1920-களில் ஜெர்மானியத் தோட்டங்கள் பேரிழப்புற்றன. அதன் விளைவாகவே 1926இல் பவேரியாவில் ஹ்யூல் என்னுமிடத்தில் ஹாப்ஸ் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வாடல் நோய் மண்ணில் தங்கும் பூசணத்தால் வருவது. மருந்து தெளித்து இதனை ஒழிக்க இயலாது. இங்கிலாந்தில் 1924இல் கெண்ட் மாவட்டத்தில் இது காணப்பட்டது. ஃபகிள் இதற்கு எளிதில் இரையாவது. மிட்டல்ஃப்ரூ பெரிதும் மதிக்கப்பட்ட மணமுடையதாயினும், இந்நோயால் ஹாலர்தாவ் நிலங்களில் அதன் பரப்புச் சுருங்கிற்று. நோய் தாங்கும் புதிய இரகங்கள் அதன் இடத்தைப் பெற்றன. மணமும் கசப்பும் எவ்வளவு சிறந்தனவாயினும், கொடி உயிருடனிருந்தால்தான் அவற்றால் பயனுண்டு. மேலும், ஹாப்ஸ் விதையாலன்றி வேர்த்துண்டு, தண்டுத்துண்டு ஆகியவற்றால் பெருக்கப்படுவது. நடவுப்பொருளில் வைரஸ் நோய் இருந்தால் அது தோட்டம் முழுவதும் பரவும். ஆகவே இரகத்தின் பெயரோடு, நாற்று எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

பகல் நீளமும் நம் நாடும்

ஹாப்ஸ் கொடி நீண்ட கோடைப் பகலில் உயர்ந்து வளர்ந்து, பகல் குறையத் தொடங்கும்போது பூப்பது. பகல் போதிய நீளமில்லாத இடத்தில் கொடி உயருமுன்பே பூத்து விளைச்சல் குன்றும். இதனாலேயே பூமியின் இருபுறமும் 35 முதல் 55 பாகை வரையுள்ள நிலங்களிலேயே இது பெரும்பாலும் பயிரிடப்படுகிறது. ஜாட்டெட்ஸ் நகரில் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 16 மணி 20 நிமிடம். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அது சுமார் 14¼ மணி. உதகமண்டலத்தில் 12¾ மணியே. நீலகிரியின் குளிர் போதாதா என்று வினவும் மாணவருக்கு இதுவே விடை: குறையாக இருப்பது குளிரன்று, பகலின் நீளம். குளிர்கால உறக்கமின்றியும் ஹாப்ஸைப் பூக்கச் செய்யலாம் என 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியுள்ளது. ஆனால் பகல் நீளத்தை விளக்கொளியாலேனும் ஈடுசெய்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 34ஆம் பாகையை ஒட்டிய ஜார்ஜ் பகுதியில் முன்னர் விளக்கொளியின் உதவி நாடப்பட்டது. பின்னர்க் குறைந்த பகலுக்கேற்ற இரகங்கள் உண்டாக்கப்பட்டன.

இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே காஷ்மீரத்தில் ஹாப்ஸ் தோட்டம் இருந்தது. 1970-களில் லாஹௌலில் இப்பயிர் புகுத்தப்பட்டது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள அப்பள்ளத்தாக்கில் மழை குறைவு; அதனால் பூசண நோய்கள் ஐரோப்பாவில் போல் மிகுவதில்லை. கிளஸ்டர் இனத்து இரகங்கள் அங்கு நடப்பட்டவற்றுள் அடங்கும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரை, ரோதாங் கணவாய் பனியால் மூடிய மாதங்களில் அப்பள்ளத்தாக்கிற்குத் தரைவழிப் போக்குவரத்து அற்றிருந்தது. அறுவடையான சரக்கு பனிக்கு முன் வெளியேறாவிடில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தகைய இடத்தில் ஓர் இரகத்தின் சேமிப்புத் திறன் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

லாஹௌல் உழவர் எதிர்கொள்ளும் போட்டி இன்னொரு ஹாப்ஸ் இரகத்தோடு மட்டுமன்று. பட்டாணி, காலிஃபிளவர், விதை உருளைக்கிழங்கு ஆகியவற்றோடும் உண்டு. நம் நாட்டுப் பீர் ஆலைகள் தமக்குத் தேவையான ஹாப்ஸில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றன. இறக்குமதிச் சரக்கு குறைந்த விலையில் கிடைத்தால் ஹாப்ஸ் தோட்டம் காய்கறி நிலமாக மாறிவிடுகிறது. காய்கறி உழவர் அடுத்த ஆண்டே பயிரை மாற்றலாம். கம்பமும் கம்பியும் நாட்டியவருக்கு அவ்வுரிமை எளிதன்று.

களத்தில் செய்ய வேண்டுவன

இரகங்களை ஒப்பிட முற்படுவோர் பின்வருமாறு செய்தல் நலம். வாங்குவோரின் தேவை கசப்போ மணமோ என முதற்கண் கேட்டறிக. ஒப்பிடும் இரகங்களை ஒரே நாளில், ஒரே இடைவெளியில், நிலத்தின் பல பகுதிகளிலும் கலந்து நடுக. ஓர் இரகம் நல்ல மண்ணிலும் மற்றொன்று கரம்பிலும் அமைந்தால் ஒப்பீடு பழுதாம். எல்லா இரகங்களையும் ஒரே நாளில் பறிக்க வேண்டா. ஒவ்வொன்றையும் அதனதன் முதிர்ச்சியில் பறிக்க. கூம்பு காகிதம்போல் சலசலத்து, உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு மணந்து, லூப்புலின் அடர்மஞ்சளாகத் தோன்றுவதே முதிர்ச்சியின் அறிகுறி. விளைச்சல், ஈரப்பதம், ஆல்பா அமிலம், நோய்த் தாக்குதல் ஆகியவற்றைக் கொடி முழு வளர்ச்சி பெற்ற பின் மூன்றாண்டுகளேனும் பதிவு செய்க. ஒரு மாதிரியை ஆறு மாதம் சேமித்து மீண்டும் பகுத்தாய்க.

பயிற்சிக் கணக்கு

ஓர் இரகம் ஹெக்டேருக்கு 1,800 கிலோ விளைந்து 6 சதவீத ஆல்பா அமிலம் தருகிறது. மற்றொன்று 1,200 கிலோ விளைந்து 10 சதவீதம் தருகிறது. (அ) ஹெக்டேருக்குக் கிடைக்கும் ஆல்பா அமிலம் எவ்வளவு? (ஆ) ஆறு மாதச் சேமிப்பில் முதலாவதில் 80 சதவீதமும் இரண்டாவதில் 50 சதவீதமும் எஞ்சினால் நிலை என்ன?

விடை: (அ) 108 கிலோ, 120 கிலோ. (ஆ) 86.4 கிலோ, 60 கிலோ. விளைச்சலில் முதலாவது மேல். அறுவடை நாளின் ஆல்பா அமிலத்தில் இரண்டாவது மேல். சேமித்த பின் மீண்டும் முதலாவதே மேல். மூன்று விடைகளும் சரியானவையே. சரக்கு எப்போது, யாரிடம் விற்கப்படும் என்று கேட்ட பின்னரே அவற்றுள் ஒன்றை உழவருக்குக் கூறலாம்.